செபஸ்தியார் பந்தியில் ஓர் இலை

மாமியார் செபஸ்தியம்மாள் சிரித்த முகத்தோடு கோர்ட்டுக்கு வந்திருந்தாள். அந்தச் சிரிப்புத்தான் பிரிஸ்கில்லாவைப் பயமுறுத்தியது.

மூத்த மகன் ஜெயிலில் இருக்கிறான். அவனுடைய ஜாமீன் மனு இன்றைக்குத்தான் விசாரணைக்கு வருகிறது. போன வாரம் இதே வராந்தாவில் மாரில் அடித்துக்கொண்டு அழுதவள், இன்று எண்ணெய் வைத்து வாரி, திருநாளுக்குக் கட்டும் புடவையில் வந்திருக்கிறாள். வாயில் வெற்றிலை. பக்கத்தில் இளைய மகன் இனிகோ. கல்யாண வீடியோ எடுக்கிறவன். மடியில் ஒரு லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நல்லா இருக்கியாத்தா?" என்றாள் செபஸ்தியம்மாள். "பிள்ளையக் கூட்டியாரலையா? சரி விடு. சாயந்தரம் அவ அப்பனே வந்து பாத்துக்கிருவான்."

சாயந்தரம்.

பிரிஸ்கில்லாவின் இடது கை தானாகவே வலது கைக்குள் போய் ஒளிந்துகொண்டது. மழைக்கும் பயத்துக்கும் அந்தக் கைதான் முதலில் வலிக்கும்.

அந்தக் கையை உடைத்தவன் அவள் புருஷன் ஜெரோம். சிறுமலையிலிருந்து மலைவாழைத்தார் ஏற்றிவரும் மினி லாரிக்காரன். குடிக்காதபோது ஊமை. குடித்துவிட்டால் கையில் கிடைத்ததை எடுப்பான். அன்றைக்குக் கிடைத்தது லாரி ஜாக்கியின் இரும்புக் கம்பி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இரண்டு எடுத்தார்கள். ஒன்று கோர்ட்டுக்குப் போனது. இன்னொன்றை என்ன செய்வது என்று தெரியாமல் பரண்மேல் போட்டாள்.

மகள் இமல்டாவைத் தூக்கிக்கொண்டு நாகல் நகரில் ஒரு ஒண்டுக்குடித்தனத்துக்கு வந்தாள். நைனா முகமதுவின் மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. குடும்ப வன்முறைச் சட்டம் அப்போது புதுசு; போலீஸ் ஸ்டேஷனிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் கௌசல்யாதான் அதைப் பிடித்துக்கொண்டு ஏறி, பாதுகாப்பு உத்தரவை வாங்கித் தந்தாள். ஜெரோம் அவள் குடியிருக்கும் வீட்டுப்பக்கம் வரக்கூடாது. கடைக்கு வரக்கூடாது. பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது. மீறினால் கைது.

மீறினான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நைனா முகமது தொழுகைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துக் கடைக்குள் நுழைந்து, உள்ளேயிருந்து ஷட்டரை இழுத்துவிட்டான். பக்கத்து டீக்கடைக்காரர்கள் கடப்பாறை வைத்து நெம்பித் திறந்தபோது அவள் கழுத்தில் அவன் விரல்கள் பதிந்திருந்தன. போலீஸ் ஜீப்பில் ஏறும்போது அவன் சத்தம் போடவில்லை. குனிந்து, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னான்:

"எம்புட்டு நாளைக்குடி உள்ள வச்சிருப்பானுக? வெளிய வந்த அன்னைக்கே..."

மீதியைச் சொல்லாமல் விட்டான். அந்த மீதிதான் பிரிஸ்கில்லாவைத் தூங்க விடவில்லை.

கௌசல்யா கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டே படியேறி வந்தாள். தொப்பம்பட்டிப் பக்கத்துப் பெண். வயது குறைவு, நடை வேகம்.

"ஏனுங்கக்கா, முகம் இப்படி வெளிறிக் கிடக்குது? தைரியமா இருங்க. இந்தப் பிரிவுல ஜாமீன் அவங்க கேட்டா உடனே குடுக்கற சரக்கு இல்லீங்க. ஜட்ஜ் மனசு வெச்சாத்தான். வெளிய விட்டா மறுபடியும் உங்ககிட்டத்தான் வருவாருன்னு காட்டிட்டமுன்னா முடிஞ்சுது."

"அவங்க சிரிக்கிறாங்க மேடம்."

"சிரிக்கட்டும். எங்கிட்டச் சொல்லாம விட்டது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்ல மேடம்."

பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அப்படி ஒன்றும் இல்லைதான்.

மனு கூப்பிடப்பட்டது. அரசு வக்கீல் எழுந்து, குற்றம் கடுமையானது, எதிரி ஜெரோமை வெளியே விட்டால் சாட்சிக்கு ஆபத்து என்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்து ஜெரோமின் வக்கீல் சிலுவைமுத்து எழுந்தார். கோவில் பிரசங்கத்துக்குப் போயிருக்க வேண்டிய குரல். வழி தவறி வழக்காட வந்துவிட்டது.

"ஐயா, ஜெரோமைப் பாத்தா உயிருக்குப் பயம்னு இந்தம்மா சொல்றாங்க. கிட்ட வரக்கூடாதுன்னு உத்தரவும் வாங்கியிருக்காங்க. அந்த உத்தரவு வந்த பிறகு நடந்த ஒரு சம்பவத்தை ஐயா பாக்கணும்."

இனிகோ லேப்டாப்பைத் திறந்தான். சிலுவைமுத்து சில புகைப்படங்களையும் மேலே நீட்டினார்.

திரையில் பந்தி. நீள நீளமாக விரித்த பாயில் ஆட்கள், இலைகள், ஆட்டுக்கறிச் சோற்றின் ஆவி. பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் வாளியோடு வருகிறாள். குனிகிறாள், பரிமாறுகிறாள், நகர்கிறாள். ஓர் இலைக்கு முன்னால் ஒரு விநாடி நிற்கிறாள். இலைக்குப் பின்னால் ஜெரோம். அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறான். அவள் உதடு அசைகிறது. கரண்டி நிறைய அள்ளி அவன் இலையில் போடுகிறாள்.

இனிகோ அங்கேயே படத்தை நிறுத்தினான்.

"பாருங்கய்யா," சிலுவைமுத்துவின் குரல் உருகியது. "பயந்து நடுங்குற பொண்டாட்டி புருசனுக்கு வாளிய வச்சுக்கிட்டுக் கறிச்சோறு போடுறாங்க. ஏதோ பாசமாப் பேசவும் செய்றாங்க. இது கோவில் வளாகத்துக்குள்ள நடந்த அன்னதானம். கோவிலுக்குப் போகக் கூடாதுன்னு உத்தரவுல எங்கயும் இல்ல. ரெண்டு பேரும் சமாதானமாயிட்டாங்க. அந்த நம்பிக்கையிலதான் என் கட்சிக்காரர் கடைக்குப் பேசப் போனாரு. புருசன் பொண்டாட்டி பேச்சு கொஞ்சம் சத்தமாயிருச்சு, அவ்வளவுதான்."

மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். உத்தரவு போட்டவரும் அவர்தான்.

"இது நீங்கதானாம்மா?"

"ஆமாங்கய்யா."

"எப்ப நடந்தது?"

"ஜனவரியில... செபஸ்தியார் திருநாளுக்கு."

"அப்ப உத்தரவு வந்திருச்சா?"

"வந்திருச்சுங்கய்யா."

"சாப்பாடு போடச் சொல்லி உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

செபஸ்தியார் மிரட்டினார் என்று எப்படிச் சொல்வது? பிரிஸ்கில்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லைங்கய்யா."

மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார். "மதியத்துக்கு மேல உத்தரவு."

வராந்தாவின் மூலைக்கு வந்ததும் கௌசல்யாவின் மரியாதையெல்லாம் கொதித்து வழிந்தது.

"என்னங்கக்கா இது? சொல்லாம விட்டது இருக்குதுங்களான்னு காலைலதான கேட்டேன்? அவருக்குச் சோறு போட்டீங்களா, இல்லையா?"

"அது நான் போட்ட சோறு இல்ல மேடம்."

"பின்ன வாளி யாரு கையில இருந்துச்சுங்க?"

பிரிஸ்கில்லா திக்கித் திணறிச் சொன்னாள். இமல்டாவுக்கு மூளைக் காய்ச்சல் வந்து நினைவு தப்பிக் கிடந்தபோது நேர்ந்துகொண்டது அது. பிள்ளை எழுந்துவிட்டால் செபஸ்தியார் பந்தியில் வாளி எடுத்துப் பரிமாறுகிறேன் என்று நேர்ந்தாள். நேர்ந்து வாளி எடுப்பவள் பந்தியில் முகம் பார்க்கக் கூடாது. இலையைத்தான் பார்க்க வேண்டும். ஓர் இலையைத் தாண்டிப் போனாலும் நேர்ச்சை முறிந்துவிடும்.

"அவரு உக்காந்திருக்காருன்னு இலைக்குக் கிட்ட வந்தப்பதான் தெரிஞ்சுச்சு. வாளியப் போட்டுட்டு ஓடிரலாம்னு வந்துச்சு மேடம். பிள்ளைக்காக நேந்தது. தாண்டிட்டா பிள்ளைக்குத்தான. 'செபஸ்தியாரே எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு சொல்லிக்கிட்டே போட்டேன். அதத்தான் அந்த வக்கீலு பாசமாப் பேசுறேங்குறாரு."

"அன்னைக்கே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லீங்க?"

"சாமி காரியத்தக் கோர்ட்டுல எப்படிச் சொல்றது? திருநா அன்னைக்குப் போலீசக் கூப்பிட்டா, வீட்டுக்காரங்க மறுநாளே காலி பண்ணச் சொல்லிருவாங்க."

கௌசல்யா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு செத்த நேரம் இங்கயே இருங்க. அரசு வக்கீலைப் பாத்துட்டு வர்றேன்."

அவள் அந்தப்பக்கம் போனதும் செபஸ்தியம்மாள் இந்தப்பக்கம் வந்தாள். பெஞ்சில் உரசிக்கொண்டு உட்கார்ந்தாள். புகையிலை வாடை.

"கேசு வேணாம்னு இப்பவே எழுதிக் குடுத்துரு. உனக்கு மரியாதையா இருக்கும். அவனும் கோவம் தணிஞ்சு வருவான். இல்லைன்னாலும் வரத்தான் போறான்."

பிரிஸ்கில்லா பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

"இனிகோ காமிராவத் தூக்கிக்கிட்டுப் பந்தி பூராம் சுத்துனானே, சாமியப் படம் புடிக்கவா சுத்துனான்? நாந்தான் ஜெரோமக் கூட்டியாந்து உக்கார வச்சேன். நீ இலையத் தாண்ட மாட்டேன்னு எனக்குத் தெரியும்டி. இம்புட்டு வருசம் உன்னோட ஒரே அடுப்புல பொங்கியிருக்கேன்."

சட்டென்று எழுந்துவிட்டாள் பிரிஸ்கில்லா.

கால்கள் போன போக்கில் கோர்ட் வாசலுக்கு வந்தாள். பள்ளிக்கூடம். முதலில் இமல்டாவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உடுத்திய துணியோடு பஸ் ஏற வேண்டும். கையைக் காட்டினாள். ஆட்டோ வந்து நின்றது.

"எங்கம்மா போவணும்?"

எங்கே? சிறுமலையில் சித்தி மகள் முத்துப்பேச்சி இருக்கிறாள். மதியம் ஒரு பஸ் இருக்கிறது. ஆனால் அந்த மலைப்பாதையில் ஜெரோமுக்குத் தெரியாத வளைவு இல்லை, அவன் வாழைத்தார் ஏற்றாத தோட்டம் இல்லை. அம்மா வீடா? அண்ணனே அவனோடு குடிப்பவன். மருந்துக்கடை? அந்த ஷட்டர் இன்னும் நெளிந்தபடி இருக்கிறது.

"ஏம்மா, ஏறுறீகளா இல்லையா? வெயிலு மண்டையப் பொளக்குது."

இந்தத் திண்டுக்கல் சீமை முழுக்க அவளும் பிள்ளையும் ஓர் இரவு தங்க ஓர் இடத்தின் பெயர் அவள் நாக்கில் வரவில்லை. ஆட்டோக்காரன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். அவள் புளியமரத்தடியில் அப்படியே குந்தினாள். அழுகைகூட வரவில்லை.

"அக்கா!"

கௌசல்யா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"எங்க போறீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. சிலுவைமுத்து சார் கோவில் வளாகம், கோவில் வளாகம்னு அழுத்தி அழுத்திச் சொன்னாருல்லீங்க. பந்தி கோவிலுக்குள்ளயா நடந்துச்சு?"

"கோவில்ல எம்புட்டுப் பேரு மேடம் உக்கார முடியும்? மொத பந்தி உள்ள. மிச்சமெல்லாம் தெருவுல பாய் விரிச்சாங்க."

"அவரு எங்க உக்காந்தாரு?"

"எங்க வாசல்ல."

கௌசல்யா அவள் எதிரிலேயே குந்திவிட்டாள். கறுப்புக் கோட்டு மண்ணில் புரண்டது.

"யாரு வாசல்லங்க?"

"எங்க வீட்டு வாசல்ல மேடம். படியில சாஞ்சுக்கிட்டு. அதான் எனக்குக் கையே ஓடல. இங்கிட்டு அவரு இலை, அங்கிட்டு எங்க வீட்டுக் கதவு. உள்ள பிள்ளை தூங்குது."

"கடவுளே. இதை ஏனுங்க உள்ள சொல்லல?"

"சோறு போட்டியான்னுதான மேடம் கேட்டாங்க."

கௌசல்யா கையிலிருந்த புகைப்பட நகலைப் பிரித்தாள். இலை, கரண்டி, ஜெரோமின் சிரிப்பு, பின்னால் ஒரு துண்டு வெள்ளைச் சுவர். கவனமாக வெட்டிய படம். எந்த வீட்டுச் சுவர் என்று அந்தச் செபஸ்தியாரே வந்தாலும் சொல்ல முடியாது.

"சாட்சிக்குத் தெருவுல யாராச்சும் வருவாங்களா?"

"சாமி பந்தியப் பத்திச் சாட்சி சொல்ல ஒருத்தரும் வர மாட்டாங்க."

"அப்ப நல்லா நெனச்சுப் பாருங்கக்கா. நீங்க சோறு போட்டதுக்கப்புறம் காமிரா எங்க போச்சு?"

பிரிஸ்கில்லா கண்ணை மூடினாள். காலையில் திரையைப் பார்த்தபோது தன் கையையும் அந்த இலையையும் தவிர எதையும் அவள் பார்க்கவில்லை. அன்றைய நாளை நினைத்தாள். வாளியின் கனம். இலை. பிறகு வேட்டுச் சத்தம். செபஸ்தியார் சப்பரம் தெருமுனை திரும்பியது. எல்லாரும் அண்ணாந்தார்கள். இனிகோவும் காமிராவைத் தூக்கினான்.

"சப்பரத்தப் படம் புடிக்க மேல தூக்குனான் மேடம்." கண்ணைத் திறந்தாள். "எங்க வாசல்ல இமல்டாவோட ஸ்டாரு தொங்குச்சு."

"கிறிஸ்மஸ் ஸ்டாருங்களா? ஜனவரியிலயா?"

"செபஸ்தியார் திருநா முடிஞ்சுதான் எங்க தெருவுல ஸ்டார எறக்குவோம். ஆனா எல்லா வீட்லயும் கலர் பேப்பர் ஸ்டாரு. எங்களுது மட்டும்தான்..." அவள் இடது கை மறுபடி வலது கைக்குள் போனது. "பேப்பர் வாங்கக் காசில்லன்னு பிள்ளை பரண்ல கெடந்த எக்ஸ்ரேய வெட்டி ஒட்டிருச்சு. என் கை எக்ஸ்ரே."

மதியம் கோர்ட் கூடியதும் கௌசல்யா எழுந்தாள்.

"ஐயா, உத்தரவுக்கு முன்னாடி அந்த வீடியோவை இன்னொரு முறை, கடைசி வரைக்கும் பார்க்கணுங்க."

சிலுவைமுத்து சிரித்தார். "ஐயா நேரத்த எதுக்கு வீணாக்கணும்? போட்டோவே போதும். வீடியோவ நாங்க வலியுறுத்தல."

"காலைல வலியுறுத்தினீங்களே," என்றார் மாஜிஸ்திரேட்.

இனிகோ லேப்டாப்பை மார்போடு அணைத்தான். "சார்ஜ் எறங்கிருச்சுங்கய்யா."

"அந்தச் சுவத்துல பிளக் இருக்கு. மின்வாரியம் இன்னும் கனெக்ஷனைப் புடுங்கல." வக்கீல்கள் வரிசையில் சிரிப்பு ஓடியது. "போடுப்பா."

மறுபடி பந்தி. மறுபடி பச்சைப் புடவை. இந்த முறை பிரிஸ்கில்லா தன் கையைப் பார்க்கவில்லை. கரண்டி இலையில் கவிழ்ந்தது. வேட்டுச் சத்தம். படம் குலுங்கி மேலே ஏறியது. ஜெரோமின் தலை, சாத்திய கதவு, நிலைப்படி...

"நிறுத்துங்க," என்றாள் கௌசல்யா.

இனிகோவின் விரல் தடுமாறி, படம் நின்றது. கதவுக்கு மேலே, கூரை விளிம்பில், கறுப்பாக ஒரு நட்சத்திரம். வெயில் பின்னாலிருந்து அடிக்க, அதற்குள் வெள்ளையாக எலும்பு. நடுவில் இரண்டாக விலகிய எலும்பு.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"உத்தரவு போடறப்ப ஐயா பார்த்தீங்களே, அதே கைங்க. அன்னைக்கு எடுத்த ரெண்டாவது பிலிமு. இவங்க பொண்ணு ஸ்டார் பண்ணியிருக்குது. ஊரு பூராத் தேடுனாலும் இன்னொரு வாசல்ல இப்படி ஒண்ணு தொங்காதுங்க."

"இது எங்க கட்டியிருந்ததும்மா?" கேள்வி பிரிஸ்கில்லாவுக்கு வந்தது.

"எங்க வீட்டு வாசல்லங்கய்யா."

"இவர் உக்காந்திருக்கது?"

"அதுக்குக் கீழ. எங்க படியில. கதவுக்கு அந்தப்பக்கம் பிள்ளை இருந்துச்சுங்கய்யா."

மாஜிஸ்திரேட் சிலுவைமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"கோவில் வளாகம்னீங்க."

"கட்சிக்காரரோட அம்மா அப்படித்தான் சொன்னாங்கய்யா... எப்படிப் பாத்தாலும் இந்தம்மாவே சாப்பாடு..."

"அவங்க சாப்பாடு போட்டது அவங்க பாடு, அவங்க சாமி பாடு. அந்த வாசலுக்கு வரக்கூடாதுன்னு சொன்னது இவருக்கு. நான் போட்ட உத்தரவ அவங்க சோத்துக் கரண்டி அழிச்சிராது. மாத்தணும்னா இங்க வந்து கேக்கணும். கேட்டாங்களா?"

"இல்லைங்கய்யா."

"கடைக்கு வந்தது முதல் மீறல்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அதுக்கு முன்னாடியே ஒண்ணு நடந்திருக்குன்னு நீங்களே கொண்டுவந்து காட்டியிருக்கீங்க. இவர வெளிய விட்டா உத்தரவுக்குக் கட்டுப்படுவார்னு நான் எத வச்சு நம்பறது?" பேனாவைத் திறந்தார். "மனு தள்ளுபடி."

கௌசல்யா பிரிஸ்கில்லாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். அவள் முகத்திலும் முழுச் சிரிப்பு இல்லை.

"ஒளிக்காமச் சொல்லிடறேங்கக்கா. அடுத்து ஜில்லா கோர்ட்டுக்குப் போவாங்க. அங்க இல்லீனா ஹைகோர்ட்டு. என்னைக்காச்சும் ஒருநாள் ஜாமீன் கிடைக்கத்தான் செய்யும். அப்ப இந்த ஊருக்குள்ளயே கால் வெக்கக் கூடாதுன்னு நிபந்தனை போடச் சொல்லி நாம நிக்கோணும். இனிமே சாமி சமாச்சாரமா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லோணும்."

"சொல்றேன் மேடம்."

தூணோரம் செபஸ்தியம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெற்றிலைப் பை அவிழ்ந்து பாக்கு சிதறிக் கிடந்தது. பொறுக்கவில்லை. "காமிராவ எதுக்குலே மேல தூக்குன?" என்று இனிகோவின் முதுகில் ஒன்று வைத்தாள். பிரிஸ்கில்லா கடக்கும்போது முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தாள் பிரிஸ்கில்லா.

"அந்த ஸ்டாரு..." கிழவியின் குரல் உள்ளே போயிருந்தது. "அது நெசமாவே உன் கையாடி?"

"உங்க மகன் ஒடச்ச கைதான்."

செபஸ்தியம்மாள் முந்தானையை விட்டாள். ஆனால் கண்ணைத் திருப்பிக்கொண்டு, "எம் பிள்ளைய வெளிய எடுக்காம விட மாட்டேன்," என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

பள்ளிக்கூட மணி அடித்துப் பிள்ளைகள் கொட்டிக்கொண்டு வந்தார்கள். இமல்டா கடைசியாக, ஷூ லேசை இழுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் படித்தாள்.

"அம்மா, அப்பா இன்னைக்கு வருவாராம்ல? பாட்டி நேத்து கேட்டுக்கு வந்து சொல்லிச்சு."

"இன்னைக்கு வர மாட்டாரு."

"நாளைக்கு?"

பிரிஸ்கில்லா குனிந்து லேசைக் கட்டினாள். இடது கை விரல்கள் ஒத்துழைக்கவில்லை. முடிச்சு இரண்டு முறை நழுவியது.

"நாளைக்கும் வர மாட்டாரு."

அதற்கு மறுநாளைப் பற்றிப் பிள்ளை வாயெடுப்பதற்குள், பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த ஆட்டோவுக்குக் கையைக் காட்டினாள்.

"எங்கம்மா?"

"நாகல் நகர்," என்றாள். "செபஸ்தியார் கோவில் தெரு."